மூலையில் ஒரு முகம்

பிரதேச செயலகம் தந்த டப்லெட்.
முதுகில் வெள்ளை மையால் இலக்கம் எழுதியது.
கிரானில், பாடசாலை மண்டபத்தில்,
ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில்
முழங்கால் இடிக்க இருந்துகொண்டு
திரையை இரண்டாய்ப் பிளந்தேன்.

இடப்பக்கம் வரைபடம்.
பூலாக்காட்டுக்குப் போகும் வீதி அதில்
இன்னும் வீதியாகத்தான் கிடந்தது,
மஞ்சளாய், காய்ந்து.
வலப்பக்கம் பட்டியல்:
நூற்றுப் பதினெட்டுக் குடும்பம்.
வந்தவர்களுக்குப் பச்சை.
வராதவர்களுக்கு என்று ஒரு நிறம்
யாரும் சொல்லித்தரவில்லை.

நடுக்கோட்டை விரலால் இழுத்தால்
ஊர் ஒடுங்கும், ஆட்கள் அகலுவார்கள்.
மற்றப்பக்கம் இழுத்தால்
ஊர் வாவிவரை விரியும்,
"கந்தப்போ" என்று
பாதிப் பெயரோடு நிற்பார் ஒருவர்.

மேலிருந்து செய்திகள் இறங்கிக்கொண்டே இருந்தன.
உன்னிச்சையில் மூன்று வான்கதவு.
உறுகாமத்தில் இன்னுமொன்று.
இரவுப் பார்சல் எத்தனை, உடன் பதில் தரவும்.
பக்கத்து வீட்டு மனோரஞ்சிதம் ஒரு படம் அனுப்பியிருந்தாள்.
எதையும் திறக்கவில்லை, மேலே தள்ளிவிட்டேன்.

இதற்குள்தான் அவர் எடுத்தார், கத்தாரில் இருந்து.
வெட்டினால் பிறகு மூன்று நாள் கதைக்கமாட்டார்.
எடுத்துச் சின்னதாக்கினேன்.
தீப்பெட்டியளவு விமலேந்திரன்
வாவிக்கு மேல் மிதந்தார்.
தள்ளினேன். முறுத்தானையை மறைத்தார்.
கீழே, வலது மூலைக்குத் தள்ளினேன்.
அங்கே ஒட்டிக்கொண்டார்.

வீட்டுக்குள்ள தண்ணி வந்திட்டா?
இல்ல.
உண்மையச் சொல்லு.
படி வரைக்கும்.
மோட்டரத் தூக்கி வெச்சயா?
கோராவெளியில் ஒரு குடும்பம் பச்சையானது.
நான் கேக்கிறது விளங்குதா?
ஓம், விளங்குது, எல்லாம் விளங்குது.
எல்லாம் ஒரேயடியாய் விளங்கத்தானே
இப்படிப் பிளந்து வைத்திருக்கிறேன்.

ஏழரைக்கு லைன் அறுந்தது.
முகம் போன இடத்தில் ஒரு பெயர் இருந்தது.
பட்டியலின் கடைசி வரி:
சீனித்தம்பி தெய்வநாயகம், முறுத்தானை,
தனி ஆள், மாடு பதினாறு.
பச்சை இல்லை.

பதினொரு தரம் எடுத்தேன். போன் ஓஃப்.
ஓட்டமாவடியில் இருந்து போட்டோடு வந்த பொடியன்கள்
நுஸ்கியும் சியாமும்
தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார்கள்.
டோர்ச் ஒளி கொஞ்சத்தூரம் தெரிந்தது,
மறுகா மழைதான் தெரிந்தது.

எட்டரை இருக்கும்.
சாரத்தைப் போர்த்தியபடி ஒருவன் வந்து நின்றான்,
நித்திரை கலையாத முகம்,
கையில் செத்த போன்.
"இதுக்கு சார்ஜ் போட ஒரு இடம் தாங்கக்கா.
மூணு மணிக்கு மெசின்ல வந்தது,
மேடைக்குப் பின்னால படுத்திட்டன்."
திரையை எட்டிப் பார்த்தான்.
"அது நான்தான்" என்றான்.

என் வயரைக் கழற்றி அவனுக்குக் கொடுத்தேன்.
அந்தப் போன் உயிர்த்து
நான் எடுத்த பதினொன்றையும்
ஒவ்வொன்றாய்ச் சத்தமிட்டுச் சொன்னது.
அவன் மாடுகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

நூற்றுப் பதினெட்டும் பச்சை.
போட்டில் போன இரண்டு பேரும்
எந்தப் பட்டியலிலும் இல்லை.
வரைபடத்தில் அவர்கள் எங்கே என்று காட்ட
ஒரு புள்ளி இல்லை.
சியாமின் நம்பர் எல்லைக்கு வெளியே என்றது
மூன்று மொழியில், வலு மரியாதையாக.

டப்லெட்டை மடியில் கவிழ்த்துவிட்டு
வாசலில் போய் நின்றேன்.
தெய்வநாயகமும் வந்து நின்றான்.
எஞ்சின் சத்தம் போல ஒன்று கேட்கும்,
பார்த்தால் தகரத்தில் மழை.

பத்து இருபதுக்கு வந்தார்கள்.
சியாமுக்கு ஒரு செருப்பு இல்லை.
"ஆளக் காணல்ல அக்கா,
மாடு மட்டும் மேட்டில நிக்குது" என்றான்.
தெய்வநாயகம் அந்த இடத்திலேயே குந்தினான்.
எத்தனை, எத்தனை என்று கேட்டான்.
இருட்டுல ஆரு எண்ணினது என்றான் நுஸ்கி.

டப்லெட்டில் ஒன்பது வீதம் இருந்தது.
வரைபடத்தை மூடினேன். பட்டியலை மூடினேன்.
மனோரஞ்சிதத்தின் படத்தைத் திறந்து பார்த்தேன்.
மறுகா அவருக்கு எடுத்தேன்.
முழுத்திரையிலும் அவர் வந்தார்,
தாடியில் இரண்டு மூன்று நரை,
போன மாதம் கண்ட ஞாபகம் இல்லை.

வந்திட்டு, என்றேன்.
முழங்கால் அளவு.
மோட்டரத் தூக்கேல்ல.